நாலு மாதமாகக் கடையில் நிற்கும் அம்மா

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் என் செருப்பு காணாமல் போனது. இரண்டுமல்ல — ஒன்று மட்டும்!

என்னோடு பதுளையில் படித்த பரமேஸைப் பார்க்கப் போயிருந்தேன். லயத்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், பிளேன்டீ குடித்து, ஊர்க்கதை பேசி முடித்து வெளியே வந்தால்... இடது கால் செருப்பு இருக்கிறது. வலதைக் காணோம்.

பரமேஸ் தேடவே இல்லை. விறகுக்கட்டிலிருந்து ஒரு குச்சியை உருவிக்கொண்டு நேரே அண்ணன் மகளிடம் போனாள். தர்ஷினிக்கு ஆறு வயது. யார் வந்தாலும் ஒரு செருப்பை ஒளித்துவிடுவாளாம். டீச்சர் செருப்பு, மிட்வைஃப் அம்மா செருப்பு எல்லாம் போயிருக்கிறது. அடித்துப் பார்த்தார்களாம். கடைசியில் காத்துக் கறுப்பு என்று மந்திரித்துக் கையில் நூலும் கட்டிவிட்டார்கள்.

நூலாம் நூல்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குச்சியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பிள்ளையின் அம்மா எங்கே என்று கேட்டேன்.

பரமேஸ் குரலைத் தாழ்த்தினாள். அண்ணன் கொழும்பில் வேலை செய்கிறார். அண்ணி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் நாலு மாதமாகிறது. பிள்ளை ஸ்கூலில் இருந்த நேரம் பார்த்து வேனில் ஏற்றி அனுப்பினார்களாம். வந்து கேட்டவளிடம், அம்மா கடைக்குப் போயிருப்பதாகச் சொன்னார்களாம்.

"சொன்னா அழுவாளே... அதான் சொல்லல," என்றாள் பரமேஸ்.

நாலு மாதமாக அந்தத் தாய் எந்தக் கடையில் நிற்கிறாள்? குரலைக் கேட்டால் ஏங்கிவிடுவாள் என்று, போன் வரும்போதும் பிள்ளையை வெளியே அனுப்பிவிடுவார்களாம். என்ன மனிதர்கள் நாம்!

தர்ஷினியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஏன் ஒளித்தாய் என்று மெதுவாகக் கேட்டேன். கையில் கட்டிய நூலைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

"செருப்பு இல்லாட்டி நீங்க போக மாட்டீங்கதானே?"

இதுவா களவு? இதற்கா நூல்?

பரமேஸை மட்டும் திட்டி என்ன பயன்? என் மகன் சின்னவனாக இருந்தபோது, அவனுக்கு டீவியைப் போட்டுவிட்டுப் பின்கதவால் ஒஃபிஸ் போனவள் நான். சாயங்காலம் வந்தால் சேலைத் தலைப்பை விடவே மாட்டான். சனியன் மாதிரி ஒட்டாதே என்று எத்தனை நாள் எரிந்து விழுந்திருக்கிறேன்! பிள்ளை அழக் கூடாது என்றா ஒளித்துப் போகிறோம்? அந்த அழுகை நம் காதில் விழக் கூடாது... அவ்வளவுதான்.

மூன்று மணிக்குக் குவைத்திலிருந்து போன் வந்தது. பழக்கதோஷம் — பரமேஸ் பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்கு விரட்டினாள். நான் விடவில்லை. போனை வாங்கி, உன் வாயாலேயே உன் மகளிடம் சொல் என்றேன். அந்தத் தாய் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு ஸ்பீக்கரில் மகளிடம் சொன்னாள்.

"அம்மா தூரத்துல வேலைக்கு வந்திருக்கேன் தங்கம். ரெண்டு தீபாவளி கழிச்சுத்தான் வருவேன். வாராவாரம் பேசுறேன்."

தர்ஷினி கத்திய கத்தில் லயமே எட்டிப் பார்த்தது. பரமேஸ் என்னை முறைத்தாள். முறைக்கட்டும். மடியில் போட்டுக்கொண்டு அழ விட்டேன். நாலு மாத அழுகை, சும்மா முடியுமா? என் பஸ்ஸும் போய்விட்டது.

அடுத்த பஸ்ஸுக்கு நேரமானதும் பரமேஸ் கண்ஜாடை காட்டுகிறாள். பிள்ளை முகம் கழுவுகிற நேரம் பார்த்து நான் நைசாகக் கிளம்பிவிட வேண்டுமாம்! இவளை என்ன செய்வது?

கிளம்புகிறேன், பௌர்ணமிப் போயா லீவுக்கு மறுபடி வருவேன் என்று தர்ஷினியிடமே சொன்னேன். அவள் உள்ளே போய் அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து செருப்பை எடுத்து வந்தாள். ஆனால் கையில் தரவில்லை.

"கடைக்கா போறீங்க?"

இல்லை தங்கம், பதுளைக்கு என்றேன். அப்புறம்தான் தந்தாள்.

கடை என்ற சொல்லைக் கேட்டாலே ஒரு பிள்ளை நடுங்கும்படி செய்து வைத்திருக்கிறோமே, பாவிகள்!