திங்கட்கிழமை மட்டும் தெளிந்த தண்ணீர்

அமிர்தலிங்கம் அந்தத் தேயிலைத் தோட்டத்தின் கொழுந்து நிறுக்கும் கிராணி, அதாவது குமாஸ்தா. கொழுந்து நிறுப்பது வேலை. மழை அளப்பது குணம். 1961-இல் பழைய துரை, ஆபீஸ் முன்னால் இருந்த மழைமானியை அவரிடம் ஒப்படைத்துவிட்டு ஊருக்குக் கப்பலேறினார். அன்று முதல் காலை ஏழு மணிக்கு அதைப் பார்க்காமல் அமிர்தலிங்கம் பல் துலக்கியதில்லை. கல்யாணத்தன்றும் பார்த்தார். தாலி கட்டும் நேரம் ஏழேகால் என்பதால் அன்று சிக்கல் வரவில்லை என்று அவர் மனைவி ரஞ்சிதம் இருபது ஆண்டுகளாக எல்லோரிடமும் சொல்லிவந்தாள்.

மழையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. 1972-இல் தொழிலாளர்களின் லைன் வீட்டுக் குழாயில் காபி நிறத்தில் தண்ணீர் வர ஆரம்பித்தது. லைனில் அறுபத்து நான்கு வீடுகள். அத்தனைக்கும் தண்ணீர் தோட்டத்தை ஒட்டி ஓடும் ஆற்றின் மடுவிலிருந்துதான். ஆற்றுக்கு மேலே திரிங்காப் ஊர்ப் பக்கத்து மேட்டில் ஒன்பது காய்கறித் தோட்டங்கள். கரை வரைக்கும் கொத்திப் பயிர் வைத்திருந்தார்கள். முள்ளங்கியை ஆற்றிலேயே கழுவினார்கள். மண் முழுவதும் கீழே வந்தது.

மற்றவர்கள் திட்டினார்கள். அமிர்தலிங்கம் அளந்தார். ரஞ்சிதம் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த, எனாமல் பூசிய வெள்ளை மங்குத் தட்டில் ஆணியால் மூன்று ஓட்டை போட்டார். அடியில் ஒரு எடைக்கல்லைக் கட்டினார். அங்குலத்துக்கு ஒரு முடிச்சாகப் போட்ட கயிற்றை ஓட்டைகளில் கட்டி, திங்கட்கிழமை தோறும் மழைமானியைப் பார்த்த கையோடு மடுவில் தட்டை இறக்கினார். தட்டு கண்ணுக்கு மறையும்போது எத்தனை முடிச்சு இறங்கியிருக்கிறதோ, அது அன்றைய கணக்கு. ஏழு ஆண்டுச் சராசரி ஐந்து முடிச்சு.

“நல்ல தட்டு. சோறு தின்ன வேண்டியது சேறு தின்னுது,” என்றாள் ரஞ்சிதம்.

1979 மார்ச்சில் மாவட்ட அலுவலகம் ஓர் ஆற்றுக் குழு அமைத்தது. தலைவர் அதிகாரி கமருஸ்ஸமான்; எல்லோருக்கும் ‘என்சே’, மலாய் மொழியில் ஐயா. தானா ராத்தா டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ராவுத்தரின் மகன். தமிழ் தண்ணீராக வரும். தோட்ட நிர்வாகமும் ஒன்பது காய்கறிக்காரர்களும் உறுப்பினர்கள். எவர் மீதும் வழக்குப் போடாமல், உட்கார்ந்து பேசி, ஒத்துப்போய் ஆற்றைத் தெளியவைப்பது என்று ஏற்பாடு. இரண்டு ஆண்டில் தெளியாவிட்டால் லைனுக்கு வடிகட்டும் தொட்டி கட்டித் தரப்படும். தெளிந்துவிட்டால் தொட்டிக்குத் தேவையில்லை.

தெளிந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? அறுபத்து நான்கு வீட்டுக் குடிதண்ணீர் அந்தக் கேள்வியில் தொங்கியது. பழைய கணக்கு கையில் இருந்த ஒரே ஆள் அமிர்தலிங்கம். முறைப்படி நடக்க வேண்டும் என்று கூட்டக் குறிப்பில் தம் கையாலேயே எழுதினார்: ‘அளவை, திங்கள்தோறும், காலை மணி 7.’ அடியில் கோடும் போட்டார்.

முதலாண்டு முடிவில் சராசரி பதினான்கு முடிச்சு. குழுவில் கைதட்டல். காய்கறிக்காரர்களின் பேச்சாளர் காளிமுத்து, ஆர்க்கிட் மாலையோடு வந்திருந்தார்.

“மாலைய ஓரமா வைங்க,” என்றார் அமிர்தலிங்கம். “இந்த வருசம் மழை எழுபத்தொன்பது இஞ்சுதான். வழக்கமா நூத்தஞ்சு வரும். மழை பெய்யாம ஆறு தெளிஞ்சா, வானத்துக்குத்தான் மாலை போடணும்.”

“கிராணி, நல்ல காரியத்துல எதுக்கு மழைய இழுக்கிறீங்க?” என்றார் கமருஸ்ஸமான்.

“நான் இழுக்கல என்சே. அதுவா பெய்யும், பெய்யாம இருக்கும்.”

அடுத்த ஆண்டு அவர் இன்னும் கவனமானார். மலையின் மறுபக்கம் ஒரு சின்ன ஆறு. அதன் கரையிலும் காய்கறித் தோட்டங்கள், ஆனால் குழுவில் சேராதவை. இரண்டுக்கும் ஒரே மழை. திங்கட்கிழமை ஏழு மணிக்கு இங்கே, ஏழே முக்காலுக்கு அங்கே என்று ஹோண்டா மோட்டார் சைக்கிளில் தட்டோடு போனார். 1980-இல் மழை வழக்கம்போல் பெய்தது. சின்ன ஆறு ஐந்து முடிச்சு. குழுவின் ஆறு பதினேழு! பேசித் தீர்த்தால் ஆறு தெளியும் என்று உலகத்தில் முதன்முதலாக நிரூபித்துவிட்டதாக அமிர்தலிங்கத்துக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி.

வீட்டில் மட்டும் அந்தக் குளிர்ச்சி பரவவில்லை.

“உங்க நோட்டுல தெளியுது, என் சட்டியில தெளியல,” என்றாள் ரஞ்சிதம். “இந்த வேட்டியப் பாருங்க. வாங்குனப்ப வெள்ளை.”

“பதினேழு முடிச்சு ரஞ்சிதம்!”

“அப்ப முடிச்சக் கட்டிக்கிட்டுப் போங்க.”

அவள் பேச்சை அவர் குறித்துக்கொள்ளவில்லை. அதற்கு நோட்டில் பத்தி கிடையாது.

நவம்பர் 17, திங்கள். கடைவாய்ப் பல் அவரை வீழ்த்தியது. விடியுமுன் மலையடிவாரத் தாப்பாவுக்கு இறங்கும் லோரியில் ஏற்றிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் பல்லைப் பிடுங்கினார்கள். இத்தனை ஆண்டில் முதல் தடவையாக ஒரு திங்கள் அளக்கப்படவில்லை. அந்த வலி பல் வலியைவிடப் பெரிதாக இருந்தது. செவ்வாய்க் காலை, வீங்கிய தாடையைத் துண்டால் தலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மடுவுக்குப் போய்த் தட்டை இறக்கினார்.

நான்காம் முடிச்சில் தட்டு மறைந்தது.

மருந்து மயக்கம் என்று நினைத்தார். கண்ணைக் கழுவினார், தட்டைத் தேய்த்தார், மறுபடி இறக்கினார். நான்கு. புதன் மூன்று. வியாழன் நான்கு. அந்த நாட்களில் மழைமானியில் ஒரு சொட்டு இல்லை. மழையின் மேல் பழி போடவும் வழியில்லாமல் போயிற்று.

வியாழன் மத்தியானமே மோட்டாரை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறினார். காளிமுத்து ஆற்றோரத்தில் முட்டிவரை சேற்றில் நின்று முள்ளங்கி கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒருவர் கரையை வெட்டிப் புதுப் பாத்தி போட்டுக்கொண்டிருந்தார்.

“அடடே அண்ணே! என்ன இது, முகத்துல தலப்பா?”

அமிர்தலிங்கத்தால் வாயைத் திறக்க முடியவில்லை. நோட்டைத் திறந்து எழுதிக் காட்டினார்: ‘போன வாரத் திங்கள் 18. இன்று 4. ஏன்?’

காளிமுத்து படித்துவிட்டு, குழந்தை கேள்வி கேட்டதைப் போலச் சிரித்தார்.

“இன்னிக்கு வியாழக்கிழமைலா அண்ணே! நீங்க திங்கக்கிழமைதானே அளப்பீங்க? சனிக்கிழமை மத்தியானத்தோட மம்பட்டிய வச்சிருவோம். ஞாயித்துக்கிழமை ஒரு ஆள் தண்ணியில கால் வைக்கிறதில்ல. திங்க காலையில எட்டு மணி அடிச்சப்புறம்தான் இறங்குவோம். ஒம்போது தோட்டமும் ஒரே பேச்சு. ஒருத்தன் மீறுனாலும் நாங்களே போய்ச் சத்தம் போடுவோம்.”

அமிர்தலிங்கம் எழுதினார்: ‘ஏமாற்று!’

காளிமுத்து முகம் சுண்டிவிட்டது. “என்னண்ணே இப்படிச் சொல்லிட்டீங்க? கூட்டத்துல நீங்கதானே கோடு போட்டு எழுதுனீங்க, திங்க காலை ஏழுன்னு. அதுக்குள்ள ஆறு தெளியணும்னுதானே அர்த்தம்? முதல்ல எங்களுக்குள்ள பேசிக்கிறதே கிடையாது, தெரியுமா? இப்ப வாரா வாரம் உங்களுக்காக ஒண்ணாக் கூடுறோம். உங்க மேல வச்ச மரியாதை அண்ணே!”

எதிரே நின்றவரின் கண்ணில் கள்ளமே இல்லை. இரண்டு முள்ளங்கிக் கட்டை மோட்டாரில் செருகி அனுப்பினார்.

வழியெல்லாம் அமிர்தலிங்கம் யோசித்தார். ஒத்துழைப்பு இருந்தது, அதில் குறை சொல்ல முடியாது. ஒன்பது தோட்டம் ஒரே மூச்சாகச் சேர்ந்து ஒரே ஒரு காலைப்பொழுதைச் சுத்தமாக வைத்திருந்தது. அந்தக் காலைப்பொழுதைத்தான் அவர் இரண்டு ஆண்டுகளாக அளந்து, ஆறு என்று பெயர் வைத்திருந்தார். இதைச் சொன்னால் அவர் நோட்டு நாறும். சொல்லாவிட்டால் குழு வெற்றி, தொட்டி இல்லை, லைன் சேற்றைக் குடிக்கும்.

டிசம்பர்க் கூட்டத்தில் கமருஸ்ஸமான் அறிக்கையைத் தட்டச்சு அடித்தே கொண்டுவந்திருந்தார். அமிர்தலிங்கம் எழுந்தார்.

“தொண்ணூறு திங்கட்கிழமை அளந்தேன். ஒண்ணும் செல்லாது,” என்றார். “தப்பு இவங்களோடது இல்ல. பரீட்சைக் கேள்விய முதல் நாளே பலகையில எழுதிப் போட்டவன் நான்.”

கமருஸ்ஸமான் அறிக்கையை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார். “இப்ப என்ன செய்யச் சொல்றீங்க, கிராணி? நாலு நகல் அடிச்சாச்சு.”

“இன்னும் ஒரு வருசம் குடுங்க. எந்த நாள்னு எனக்கே தெரியாம அளக்கிறேன். சராசரி பத்து முடிச்சுக்குக் கீழ போனா, பேசாம தொட்டி கட்டுங்க.”

கொழுந்து எடுப்பவர்களுக்குக் கொடுக்கும் பித்தளை நம்பர் வில்லைகளில் ஏழை எடுத்தார். ஒன்று ஞாயிறு, இரண்டு திங்கள் என்று வரிசை. பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்கி, சனிக்கிழமை மாலையில் கண்ணை மூடி ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். அந்த வாரம் அளக்கப்போவது எந்த நாள் என்று மூச்சு விடமாட்டார்.

1981 பிப்ரவரியில் முடிச்சு ஏழு. ஏப்ரலில் ஒன்பது. ஜூனில் பன்னிரண்டு. இந்தத் தடவை அவர் நம்பவில்லை. தட்டை மாற்றிப் பார்த்தார், கண்ணாடியை மாற்றிப் பார்த்தார். மறுபக்கத்துச் சின்ன ஆறு அதே ஐந்தில் கிடந்தது. போதாததற்கு அடுக்களையில் வேறொரு புள்ளிவிவரம் கண்ணில் பட்டது: அந்த மாதம் மட்டும் முட்டைக்கோஸ் இருபத்து மூன்று, முள்ளங்கி பதினான்கு கட்டு, ஸ்ட்ராபெரி மூன்று கூடை. வீட்டில் இருப்பதோ இரண்டு பேர்.

“ரஞ்சிதம், இதெல்லாம் ஏது?”

“மேட்டுக்காரங்க குடுத்தாங்க.”

“எதுக்கு?”

“எந்த நாள் அளப்பீங்கன்னு கேட்டாங்க.”

அமிர்தலிங்கம் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். “சொல்லிட்டியா?”

“சொன்னேன். ஆளுக்கு ஒரு நாள். ஒம்போது பேருக்கு ஏழு நாள் பத்தல, அதனால ரெண்டு நாள மட்டும் ரெண்டு தடவ சொல்ல வேண்டியதாப் போச்சு. வாரா வாரம் மாத்தி மாத்திச் சொல்வேன்.”

“என் பையில இருந்த வில்லையப் பாத்தியா?”

“அத எதுக்குப் பாக்கணும்? பாத்தா அப்புறம் பொய் சொன்ன மாதிரி ஆயிடும்ல.”

அவர் மேட்டுக்குப் போய்க் காளிமுத்துவைப் பிடித்தார். கரையோரம் ஆறடிக்குப் புல் விட்டிருந்தார்கள். முள்ளங்கி கழுவத் தனியாக ஒரு குழி வெட்டியிருந்தார்கள்.

“என்னண்ணே செய்றது?” என்றார் காளிமுத்து, கொஞ்சம் மனக்குறையோடு. “அக்கா குடுத்த நாளையெல்லாம் கூட்டத்துல ஒண்ணா வச்சுப் பாத்தோம். சேத்தா முழு வாரம் வந்திருச்சு. தினமும் காவல் காக்கிறதுக்குக் குழி வெட்டுறது லேசுன்னு பேசி முடிச்சோம்.”

ஆண்டுச் சராசரி பதினொன்றரை. தொட்டி வரவில்லை. குழாயில் தண்ணீர் வந்தது.

“வெற்றியா இல்லையா? ஒரு வார்த்தையில சொல்லுங்க கிராணி,” என்றார் கமருஸ்ஸமான், கடைசிக் கூட்டத்தில்.

அமிர்தலிங்கம் ஒரு வார்த்தையில் எதையும் சொன்னவரல்ல. எழுதிக் கொடுத்தார்: ‘முதல் இரண்டாண்டுக் கணக்கு செல்லாது. மூன்றாமாண்டு ஆறு தெளிந்தது. மழை காரணமல்ல. குழு, பிஸ்கட் டின், என் மனைவி ஆகிய மூன்றும் காரணம். எது எத்தனை முடிச்சு என்று பிரித்தளக்க என்னிடம் கருவி இல்லை.’

அறிக்கையில் டின் விடுபட்டுப்போனது. ரஞ்சிதம், ‘உள்ளூர் மகளிரின் ஒத்துழைப்பு’ என்று இடம்பெற்றாள்.

“மகளிரா? நான் ஒருத்திதானே?” என்றாள் அவள்.

“ஆமா. கணக்குல தப்பு,” என்று அமிர்தலிங்கம் அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் ‘1’ என்று திருத்தினார்.