வெற்றிலை பாக்கும் இருபது முகப் பகடையும்

வீட்டுக்கு யாராவது வந்தால் போதும், என் மகள் குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொள்வாள். பதினைந்து வயது. வந்தவர் காபி குடித்து, ஊர்க்கதை பேசி, செருப்பு மாட்டிக் கிளம்பும்வரை உள்ளே குழாய் திறந்தே இருக்கும். "புள்ளைக்கு வயித்துக்கு ஆகலியா?" என்று எத்தனை பேர் கேட்டுவிட்டார்கள்! மானம் போகிறது.

இதற்கு மருந்தாக ஒரு விளையாட்டைச் சொன்னாள் சென்னைத் தோழி. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு வேடம் கட்டிப் பேசவேண்டும். ஒருவர் கதையை நடத்துவார்; வழியில் எதிர்ப்படும் அத்தனை பேராகவும் அவரே பேசவேண்டும். நினைத்தது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். வாயே திறக்காத பிள்ளைகளும் வேடம் கட்டினால் பேசிவிடுமாம். உடனே ஆன்லைனில் பகடை வரவழைத்தேன். எதிர்வீட்டு ஜவுளிக்கடை பாயின் மகளையும் மகனையும் முறுக்கைக் காட்டி இழுத்து வந்தேன். பாபநாசத்தில் இந்த ஆட்டத்தை நடத்திய முதல் பெண்மணி நானாகத்தான் இருப்பேன்.

முதல் ஞாயிறு, குகைக்குள் நெருப்பைக் கக்கும் டிராகன். தொண்டை கட்டும் அளவுக்கு உறுமினேன். எதிர்வீட்டுப் பையன் வாளை உருவுவான் என்று பார்த்தால், "சாப்டீங்களா?" என்று கேட்கிறான். அவன் அக்கா, "உங்களுக்கு எந்த ஊருங்க?" என்றாள். ஐந்தே நிமிடத்தில் டிராகனுக்குத் திருப்பனந்தாள் பக்கம் பூர்வீகம் என்று முடிவாகிவிட்டது.

"சண்டை போடுங்கடா!" என்று கத்தினேன்.

"பாவம் ஆன்ட்டி, வயசானவரு."

என் மகள் பேசவில்லை. ஆனால் சிரித்தாள்.

சரி, இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு டிராகன் பத்தாது, சொந்தக்காரர்களை இறக்குவோம் என்று முடிவு செய்தேன். எங்கள் புது வீட்டுக்குப் பால் காய்ச்ச நாள் குறித்திருந்த நேரம். வீடு வீடாகப் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவேண்டும். அதையே ஆட்டமாக்கி, எந்தெந்த வீடு என்று வரைபடமும் வரைந்தேன். முழங்கால்வலிச் சித்தப்பா, பத்திரிகையில் தன் பெயரைத் தேடும் மாமா, 'இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?' என்று ஆரம்பிக்கும் அத்தை, எல்லாம் நானே. அத்தையாக முகத்தைத் திருப்பிக்கொண்டதும் என் மகள், "நீங்க வந்து வெளக்கேத்தலன்னா பால் எப்படி அத்தை பொங்கும்?" என்றாளே பார்க்கணும்! பகடையில் இருபதுக்குப் பதினெட்டு வேறு. அடி கள்ளி, இவ்வளவு நாள் இந்த வாயை எங்கே வைத்திருந்தாள்?

மூன்றாவது வாரம் வரைபடத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "அடுத்தது சுவாமிமலை, பெரியம்மா வீடு" என்றாள்.

அந்த வீட்டை நான் வரையவே இல்லை. அது என் அக்கா வீடு. நாலு வருஷத்துக்கு முன் தன் பேரனின் காதுகுத்துக்கு எனக்கு வாட்ஸப்பில் பத்திரிகை அனுப்பியவள். கூடப் பிறந்தவளுக்கு வாட்ஸப்பிலா அழைப்பு? நான் போகவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. பால் காய்ச்சவும் அழைக்காமல் விட்டால் உறவு அதோடு அறுந்தது. தெரிந்தேதான் விட்டிருந்தேன். என் மகளுக்கோ பெரியம்மா என்றால் உயிர்.

"அந்த ஊருக்கு பஸ் இல்ல," என்றேன்.

"மாறிப் போயிக்கலாம். நாங்க யாரைப் பாத்தாலும் அவங்களா நீ பேசணும்மா. ரூல்ஸ் நீதான சொன்ன?" என்றவள் கதவைத் தட்டுவதுபோல மேசையைத் தட்டினாள். "பெரியம்மா, புது வீட்டுக்குப் பால் காய்ச்சுறோம். நீங்க அவசியம் வரணும்."

எரிச்சலோடுதான் அக்காவானேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டேன். "ஏன், உங்கம்மா வரமாட்டாளாக்கும்? காதுகுத்து அன்னிக்கு வாசலையே பாத்துக்கிட்டு நின்னேன். கடைசிப் பந்தி வரைக்கும் அவளுக்கு எலை போட்டு வச்சிருந்தேன்..."

அதற்கு மேல் வரவில்லை. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆனால் அக்கா நின்றிருப்பாள். அவள் அப்படித்தான், எனக்குத் தெரியாதா? "வாயில்லையா அவளுக்கு?" என்று எப்படியோ முடித்தேன்.

என் மகள் பகடையைத் தொடவே இல்லை. "அவங்களுக்குப் பேச வராது பெரியம்மா," என்றாள். "கூச்சம். அதான் நான் வந்தேன்."

எதிர்வீட்டுப் பையன் முறுக்கோடு சேர்த்து வாயைப் பொத்திக்கொண்டான். எனக்கு வந்த கோபத்துக்கு ஆட்டத்தையே கலைத்துவிட்டேன். இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவும் இல்லை. அவள் சொன்னதில் பொய் ஏதாவது இருந்தால் அல்லவா திட்ட முடியும்?

அடுத்த ஞாயிறு தாம்பாளத்தோடு இருவரும் சுவாமிமலையில் போய் நின்றோம். கேட்டைத் திறந்த அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். பஸ்ஸில் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த எனக்கோ ஒரு எழுத்து வரவில்லை. நீயே சொல்லித் தொலையேன் என்று மகளைப் பார்த்தேன். அவள் முழங்கையால் என்னை ஓர் இடி இடித்தாள்.

"உன் டர்ன்மா." சத்தமாகவே சொன்னாள், பாவி.

"அக்கா," என்றேன். "வந்துடுக்கா." தாம்பாளத்தை நீட்டினேன். அழுகை வந்துவிட்டது.

"அழைக்கிற லட்சணமாடி இது?" என்றாள் அக்கா. "உள்ள வந்து ஒழுங்காச் சொல்லு."