திரைக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டில் பாட்டுப் பதிவைக் கெடுத்துக்கொண்டிருந்தது மவுஸ்தான். லிங்கநகரில் இருந்தால் துறைமுகத்துக் கப்பல் ஊதுவது கேட்கத்தான் செய்யும். ஆனால் கப்பல் எப்போதாவது ஊதிவிட்டு ஓய்ந்துவிடும். மவுஸ் அப்படியல்ல. பதிவைத் தொடங்க ஒரு ‘டிக்’, நிறுத்த ஒரு ‘டிக்’. பாடுகிறவர், நான், மைக், கணினி எல்லாம் ஒரே படுக்கையறைக்குள் அடைபட்டுக் கிடப்பதால் அந்தச் சத்தம் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் வாலிலும் ஒட்டிக்கொண்டு வரும். அதை வெட்டப் போனால் பாட்டின் முதல் எழுத்தும் சேர்ந்து போய்விடும். எனக்கு இயல்பிலேயே பொறுமை குறைவு. இரண்டு மவுஸ்களைச் சுவரில் எறிந்திருக்கிறேன்.

பாடுகிறவர் என் மனைவி. அவள் பாலர் பாடசாலை ஆசிரியை. மேடையில் ஏறிப் பாடியவள் இல்லை. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளை மேய்ப்பதற்குத் தானே கட்டிய ஏழு பாட்டுகள் வைத்திருந்தாள். கை கழுவ ஒன்று, வரிசையில் நிற்க ஒன்று, போத்தல் மூடி திறக்க ஒன்று, இப்படி. கடைசிப் பாட்டு வீட்டுக்குப் போகும்போது பாடுவது. அவள் வாயால் சொன்னால் ஒரு பிள்ளையும் அசையாது. பாடினால் இருபதும் எழும்பும்.

போன வருடம் அவளுடைய கழுத்தில் ஒரு கட்டி கண்டார்கள். பயப்படும்படியான கட்டி இல்லை, ஆனால் எடுக்கத்தான் வேண்டும் என்றார்கள். குரலுக்குப் போகிற நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, குரல் மாறலாம், மாறாமலும் இருக்கலாம் என்று வைத்தியர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அவள் அழவில்லை. “குரல் போனா அந்தப் பிள்ளையளோட நான் என்னண்டு மாரடிக்கிறது? ஏழு பாட்டையும் எடுத்துத் தாங்கோ. சின்ன ஸ்பீக்கர் ஒண்டில போட்டு வைச்சு வகுப்பை நடத்துறன்” என்றாள். அவளுக்கு அந்த வகுப்புத்தான் எல்லாம். எனக்கு அது தெரியும்.

அதற்காகத்தான் தொடுதிரை வாங்கினேன். கிண்ணியாவில் பழைய கணினிச் சாமான் விற்கிற நானா ஒருவர், ஏதோ சாப்பாட்டுக் கடையில் பில் அடிக்க வைத்திருந்த திரையொன்றைத் தேடி எடுத்துத் தந்தார். தடித்த சட்டம் போட்ட திரை. அந்தச் சட்டத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுமாம். எது மறித்தாலும் தொட்டதாகக் கணக்கு. “இதுக்கு விரலும் ஒண்டுதான், ஈயும் ஒண்டுதான் தம்பி. பாத்துப் பாவியுங்க” என்றார் நானா. நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

முதல் நாள் புதுத் திரையைத் தொட்டால் பக்கத்தில் இருந்த பழைய திரையில் அம்புக்குறி ஓடியது. எது பெரிய திரை, எது தொடுகிற திரை என்று கணினிக்கு விளங்கவில்லை. அதை அமைப்புகளுக்குள் போய்ச் சரிப்படுத்த ஒரு பின்னேரம் முழுக்கப் பிடித்தது. அடுத்த சிக்கல், பதிவு மென்பொருளில் இருக்கிற பொத்தான்கள் எல்லாம் எறும்பளவு. அவற்றைச் செய்தவர்கள் விரலை நினைத்துச் செய்யவில்லை. ஒன்றைத் தொட்டால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து அமுங்கும். கடைசியில் எனக்கு வேண்டிய நாலைந்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை மறைத்தேன். பதிவைத் தொடங்கும் சிவப்பு வட்டத்தைப் பெரிதாக்கித் திரையின் மேல்பக்கம் நடுவில் வைத்தேன், கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் தப்பாத மாதிரி.

அதன்பிறகு வேலை சுகமாகப் போனது. அலுமாரிக் கதவுகளைத் திறந்து, தொங்குகிற சேலைகளுக்கு முன்னால் அவளை நிறுத்துவேன். சேலைகள் எதிரொலியை விழுங்கிவிடும். திரையை மேசையில் சாய்த்துப் போட்டு, நான் கதிரையில் இருந்தபடி சத்தமில்லாமல் தொடுவேன். மீன்காரரின் ஹோர்ன் கேட்டால் நிறுத்துவேன், போனதும் மறுபடி தொடுவேன். கிழமைக்கு இரண்டு பின்னேரம். அப்படி ஆறு பாட்டு முடிந்தது. டிக் சத்தம் மருந்துக்கும் இல்லை.

ஏழாவதை விசயதசமி அன்று காலையில் எடுப்பதென்று அவள் சொன்னாள். நல்ல நாள். அன்றிரவே கொழும்புக்கு பஸ், மறுநாள் ஆஸ்பத்திரியில் அனுமதி. அதற்குப் பிறகு இந்தக் குரலுக்கு உத்தரவாதம் இல்லை. விசயதசமிக்கு முதல் நாள் சரஸ்வதி பூசைக்கு என் கிற்றாரையும் மைக்கையும் அவளுடைய பள்ளிக்கூடப் புத்தகங்களோடு சாமி அறையில் அடுக்கினாள். திரையை மட்டும் கொண்டுபோக ஏலாது, வயரைக் கழற்றினால் மறுபடி பூட்டுவது பெரும்பாடு என்று நான் மறித்துவிட்டேன்.

காலையில் எழுந்து மைக்கைக் கொண்டுவந்து பூட்டி, மென்பொருளைத் திறந்து, தொட்டால் ஓடும் நிலையில் எல்லாவற்றையும் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். துவாயோடு திரும்பி வந்து திரையைத் தொட்டால் படம் ஊதிப் பெருக்கிறது. விரலை எடுத்தால் அப்படியே நிற்கிறது. மறுபடி தொட்டால் சுருங்குகிறது. எந்தப் பொத்தானும் கேட்கவில்லை. குனிந்து பார்த்தால் மேல்பக்கம் நடுவில் சந்தனம். மெல்லிய கீற்றல்ல, நல்ல தடிப்பாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, மேலே ஒரு செவ்வந்தி இதழும் ஒட்டியிருந்தது. திரையைப் பொறுத்தவரை யாரோ ஒருவர் அந்த இடத்தில் ஒரு விரலை அமர்த்திக்கொண்டு நிற்கிறார். நான் தொடுவது இரண்டாவது விரல். இரண்டு விரல் பட்டால் படத்தை இழுக்கிறார்கள் என்றுதான் அது நினைக்கும்.

இதையெல்லாம் இப்போது ஆறுதலாக எழுதுகிறேன். அப்போது எனக்குக் கண்மண் தெரியவில்லை.

“ஆர் இதில கை வைச்சது?” என்று கத்தினேன். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அவள் அலுமாரிக்கு முன்னால், சேலைகளைச் சரிபண்ணியபடி நின்றாள். திரும்பிப் பார்த்தாள். “நான் ஒண்டிலயும் கை வைக்கேல்ல. பொட்டுத்தான் வைச்சனான்” என்றாள்.

கணினிக்கும் திரைக்கும் சேர்த்துப் போட்டிருந்த பிளக்கைப் பிடுங்கினேன். துணியால் துடைத்தேன். திரும்பப் போட்டபோது திரை ஒழுங்காக வேலை செய்தது. அவளுக்குத்தான் தொண்டை அடைத்துவிட்டது. மூன்று தரம் தொடங்கினாள். மூன்று தரமும் முதல் வரியிலேயே உடைந்தது. சுடுதண்ணி குடித்துப் பார்த்தாள், வெளியே போய் நின்றுவிட்டு வந்தாள். மத்தியானம் திரும்பவும் முயன்றாள். “ஏலாது, விடுங்கோ. உடுப்பு அடுக்கோணும்” என்றாள். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துதான் தூங்கினாள். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

சத்திரசிகிச்சையில் பிழை ஒன்றும் நடக்கவில்லை. கட்டியும் தீங்கில்லாதது. குரல் மட்டும் மாறிவிட்டது. முதலில் வெறும் காற்று. பிறகு அடியில் இருந்து ஒரு கரகரத்த குரல் வந்தது. அது மேலே ஏறாது, பாட்டுக்குக் கிட்டவும் போகாது. போகப் போகத் திருந்தலாம் என்கிறார்கள்.

அவள் வேலைக்குத் திரும்புகிற கிழமையில், ஆறு பாட்டையும் எடுத்துக் கொடுப்பதற்காக மென்பொருளைத் திறந்தேன். முடிக்கப்படாத பதிவு ஒன்று இருக்கிறது, மீட்கவா என்று கேட்டது. முன்பும் ஒருதரம் கேட்டது, அவசரத்தில் ‘பிறகு’ என்று தள்ளிவிட்டேன். இப்போது ஓம் என்று தொட்டேன். விசயதசமிக் காலை. அவள் பொட்டு வைத்த விரல் சிவப்பு வட்டத்தைத் தொட்டிருக்கிறது. பதிவு அப்போதே ஓடத் தொடங்கியிருக்கிறது. படம் தாறுமாறாகப் பெருத்ததில் அது என் கண்ணில் படவில்லை.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். வளையல் சத்தம். அலுமாரிக் கதவு. பிறகு தொண்டையைச் சரிபார்ப்பதுபோல, ஆனால் முழுக்குரலில், அவள் தனியே பாடுகிறாள்:

பையை எடு, பையை எடு,
போத்தல் எங்கே, பார்த்து எடு,
செருப்பு ரெண்டும் சோடி எடு…

நாலாவது வரி, ‘அம்மா வாறா, கையைக் குடு’ என்று வரவேண்டும். அந்த இடத்தில் நான் கத்துகிறேன். அவள் பாடிக்கொண்டு நின்றது அன்று என் காதில் ஏறவே இல்லை. அதற்குப் பிறகு அவளுடைய பதில். பிறகு ஒன்றுமில்லை, பிளக் பிடுங்கிய இடம். எங்கேயாவது போய் விழுந்து சாகலாம் போல இருந்தது.

அவள் பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. ஹெட்போனைக் கழற்றித் தன் காதில் வைத்துக் கேட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மூன்று வரியோடு நிறுத்தி, மிச்சத்தை வெட்டிவிடுகிறேன் என்று சொன்னேன்.

“வெட்டாதேங்கோ. அப்பிடியே போட்டுத் தாங்கோ” என்றாள். பழைய குரல் கடைசியாகப் பேசியது அதில் இருக்கிறது, அதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளக் கேட்கிறாள் என்று நினைத்தேன். ஏழையும் போட்டுக் கொடுத்தேன்.

இரண்டு கிழமை கழித்து ஒரு நாள் மத்தியானம் அவளைக் கூட்டிவரப் போனேன். கேற்றடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போது உள்ளே ஸ்பீக்கரில் ஏழாவது பாட்டு ஓடியது. பையை எடு என்றதும் பைகள் இழுபடுகிற சத்தம், செருப்பு ரெண்டும் என்றதும் செருப்புகள் தட்டுப்படுகிற சத்தம். அடுத்த நொடியில் இருபது பிள்ளைகளும் என் குரலோடு சேர்ந்து, என்னுடைய அதே உறுமலில், “ஆர் இதில கை வைச்சது?” என்று கத்தினார்கள். பிறகு குரலை மெல்லியதாக்கி, அவளோடு சேர்ந்து, “நான் ஒண்டிலயும் கை வைக்கேல்ல, பொட்டுத்தான் வைச்சனான்!” என்று இழுத்துப் பாடினார்கள். உடனே ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வரிசையாக வந்தார்கள். நான் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

எல்லோரும் போனபின் அவள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து பின்னால் ஏறினாள்.

“கேட்டனீங்களோ? நல்லாப் பாடுதுகள், என்ன?” என்றாள்.

ஓம் என்றேன். அந்தப் புதுக்குரலில் எது சிரிப்பு, எது கோபம் என்று பிரித்தறிய எனக்கு இன்னும் பழகவில்லை.