கண்ணாடி இல்லாத படம்

படத்துக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கிற தொழிலில் லாபமும் கண்ணாடியில்தான், கைக்காயமும் கண்ணாடியில்தான். இதே தொழில் செய்யும் கூட்டாளிகளே, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வேண்டாம் என்றவர்

காந்திபுரத்தில் என் கடைக்குத் தவமணியம்மா வந்தார். இலங்கை அகதி முகாமில் இருப்பவர். கையில் பள்ளிச் சீருடையில் ஒரு சிறுவனின் படம். போரில் இறந்த மகன். இருந்திருந்தால் இப்போது மீசை வைத்திருப்பான். அக்காவின் கல்யாணத்தில் மணவறைக்குப் பக்கத்தில் தம்பியும் இருக்க வேண்டுமாம். "பெரிசாக்கிச் சட்டம் போடுங்கோ, கண்ணாடி மட்டும் வேண்டாம்" என்றார்.

கண்ணாடி அறுக்கிற கிட்டுசாமிக்குச் சிரிப்பு. "கண்ணாடி இல்லாத படம் கூரை இல்லாத ஊடு மாதிரிங்க அம்மா. தூசி அடைஞ்சுபோடும்" என்றான். அவர் கோபப்படவில்லை.

"கிபிர் பிளேன் குண்டு போட்டது அடுத்த வீட்டு வளவுக்குத்தான் தம்பி. என்ர பிள்ளையில பாய்ஞ்சது எங்கட யன்னல் கண்ணாடி."

அன்னூர்க் குழந்தை

மறுவாரம் சட்டம் பார்க்க அவர் வந்திருந்தார். அன்னூரிலிருந்து வந்த ஒரு பெண், குழந்தையைத் தரையில் விட்டுவிட்டு என்னிடம் விலை பேசிக்கொண்டிருந்தாள். உள்ளே கிட்டுசாமி கையிலிருந்து ஒரு கண்ணாடி நழுவி நொறுங்கியது. நாங்கள் திரும்புவதற்குள் தவமணியம்மா அந்தக் குழந்தையை மூடிக்கொண்டு குப்புறக் கிடந்தார்.

சில்லு ஒன்றுகூட அந்தப் பக்கம் வரவில்லை. வெட்கத்தோடு எழுந்து குழந்தையை நீட்டினார். கை மட்டும் குழந்தையை விடவில்லை. அன்னூர்ப் பெண் வாங்கவில்லை.

"இன்னுங் கொஞ்ச நேரம் நீங்களே வெச்சிருங்கக்கா."

பொட்டு

இறந்தவர் படமென்றால் கண்ணாடிமேல் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கொடுப்பது எங்கள் கடை வழக்கம். கல்யாணத்துக்கு முதல் நாள் கிட்டுசாமி பழக்கத்தில் வைத்துவிட்டான், வெறும் தாளின் மேல். துடைக்கத் துடைக்க இன்னும் ஊறியது. "கண்ணாடி இல்லைங்கறதை மறந்துபோட்டனுங்ண்ணா" என்று அழாத குறையாக நின்றான்.

படத்தை வாங்க வந்த தவமணியம்மாவிடம் நானே சொன்னேன். "பொழுது சாயறதுக்குள்ள வேற படம் போட்டுத் தாரனுங்கம்மா." அவர் மகனின் நெற்றியை விரலால் தொட்டுப் பார்த்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"இருக்கட்டும் ஐயா. அக்கான்ர கலியாணத்துக்குத் தம்பி பொட்டு இல்லாமலோ வாறது?"

அதற்குப் பிறகும் நான் கண்ணாடி விற்றுத்தான் பிழைக்கிறேன். வீட்டில், போய்ச் சேர்ந்த என் மனைவியின் படத்துக்குக் கண்ணாடிமேல் தினமும் பொட்டு வைக்கிறேன், தினமும் உதிர்ந்துவிடுகிறது.