அப்பா அரபுக்காரராக இருந்த கோடைகாலம்

எங்கள் அப்பா ஒரு கோடைகாலம் முழுவதும் அரபுக்காரராக இருந்தார். அப்போது நாங்கள் லண்டன் பக்கம் சட்டனில் குடியிருந்தோம். எனக்கு எட்டு வயது.

அப்பா ஒரு கிளப்பில் சேர்ந்திருந்தார். அங்கே ஆண்கள் எல்லோரும் ஒருவரையொருவர் சகோதரர் என்றுதான் கூப்பிடுவார்கள். நோயாளிப் பிள்ளைகளுக்காக நிதி சேர்ப்பார்கள். ஒரு பாண்டும் வைத்திருந்தார்கள். அதில் அப்பா கிளாரினெட் வாசித்தார். மன்னாரில் மாதா கோயில் பாண்டில் பழகிய வாசிப்பு அது. அத்தனை வெள்ளைக்காரருக்கு நடுவே அவர் ஒருவர்தான் தமிழர். வேலையிடத்தில் அவருடைய பெயரையே யாரும் ஒழுங்காகச் சொல்வதில்லை. இங்கே சகோதரர் என்கிறார்களே, அது அவருக்குப் பெரிய காரியம், பிள்ளைகளே.

அந்த வருஷ ஊர்வலத்துக்கு அரபு உடையும் அரபு இசையும் என்று கிளப்பில் தீர்மானித்தார்கள். குஞ்சம் தொங்கும் சிவப்புத் தொப்பி, தொளதொளத்த காற்சட்டை, இடுப்பில் மஞ்சள் பட்டி. உடை கிடைத்துவிட்டது. இசைதான் கிடைக்கவில்லை. கூட்டத்தில் ஒவ்வொருவராக அப்பாவின் பக்கம் திரும்பினார்களாம். அவருடைய நிறத்தைப் பார்த்து, இவருக்குத் தெரியும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். தெரியாது என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை.

"இஞ்சருங்கோ, பேரீச்சம்பழத்தைத் தவிர அரபில உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார் அம்மா.

"அந்தோனியார் பாட்டைக் கொஞ்சம் இழுத்து வாசிச்சா ஆருக்குத் தெரியப்போகுது?"

"ஒரு அரபுக்காரர் வந்து கேட்டா?"

"வேற ஊர் அரபு எண்டு நினைச்சிட்டுப் போவார்."

பிறகு அப்பா என் பக்கம் திரும்பினார். "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாத. தெரிஞ்சா என்னைப் பாண்டில இருந்து நிப்பாட்டிப் போடுவினம்." அவர் சிரிக்காமல் சொன்னதால் நானும் பயந்துபோனேன்.

ஊர்வலத்தன்று நல்ல வெயில். தொப்பிக் குஞ்சங்கள் ஆட, அப்பா சொல்லிக்கொடுத்த பாட்டை வாசித்தபடி பாண்ட் கடைத்தெருவில் வந்தது. அதே நேரம், தமிழ்ப் பூசை முடிந்த எங்கள் கோயில் சனம் தெருவோரம் வேடிக்கை பார்க்க வந்து நின்றது. அவர்கள் வருவார்கள் என்று அப்பா கனவிலும் நினைக்கவில்லை.

முதலில் ஒரு மாமி காதைக் கூர்மையாக்கினார். அடுத்த நிமிஷம் நெற்றியில் சிலுவை போட்டார். பக்கத்து மாமியும் போட்டார். பிறகு ஒரு வரிசையே போட்டது. ஒரு மாமா தொப்பியைக் கழற்றினார். யாரோ பாட்டை எடுத்துக்கொடுக்க, எல்லோரும் சேர்ந்து பாடத் தொடங்கினார்கள். அரபு இசைக்கு இவ்வளவு ரசிகர்களா என்று பாண்டுக்காரருக்கு ஒரே புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை. பெரிய மேளக்காரர் இன்னும் ஓங்கி அடித்தார். வெள்ளைக்காரர்களும் கைதட்டினார்கள். முன்னால் நின்ற பாண்ட் மாஸ்டர் மட்டும் சிலுவை போட்ட மாமிமாரைப் பார்த்தபடியே கோலை ஆட்டினார். அந்த இடத்திலேயே நின்று மூன்று தரம் வாசித்தார்கள். அப்பாவுக்கு மட்டும் வியர்த்துக் கொட்டியது.

எல்லாம் முடிந்ததும் பாண்ட் மாஸ்டர் நேரே அப்பாவிடம் வந்தார். அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நான் அவருடைய தொளதொளக் காற்சட்டையை இறுக்கிப் பிடித்தேன்.

"அருமையான அரபுப் பாட்டு, சகோதரரே. அடுத்த வருஷத்துக்கும் ஒன்று வேண்டும். மாதாவுக்கு ஏதாவது இருக்கிறதா?"

 அப்பா தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டு, இருக்கிறது என்றார்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அப்பாவின் காதில் சொன்னேன். "அப்பா, தப்பீட்டம். அந்தாளுக்கு ஒண்டும் விளங்கேல்ல. அரபுக்காரரிட்டப் போய் மாதா பாட்டுக் கேக்கிறார்."

அப்பா சிரிக்கத் தொடங்கினார். தொப்பிக் குஞ்சம் ஆட ஆட, நாங்கள் இறங்கும் இடம் வரைக்கும் சிரித்தார். பாண்ட் மாஸ்டரை நினைத்துத்தான் சிரிக்கிறார் என்று நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.