சீப்பில் உதிர்ந்த முடி

ஹஃபீலா கென்யாவிலிருந்து திரும்பி வந்தபோது, புத்தளம் பக்கத்துக் கனமூலைக் கிராமத்தில் அவளை வரவேற்றது சந்தேகம்தான்.

வெளிநாடு போய் வரும் பெண்கள் கழுத்தில் தங்கம் மின்ன வருவார்கள். பெட்டியில் புதுத்துணியும் வாசனைச் சவர்க்காரமும் இருக்கும். ஹஃபீலாவோ மொம்பாசா நகரத்து ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் பதினொரு வருடம் பெண்களுக்குத் தையல் பழக்கிவிட்டு, மணிக்கோவைகளோடும், வரிக்குதிரைப் படங்களோடும், ஓரத்தில் எழுத்து அச்சிட்ட காங்கா என்னும் பருத்தித் துணிகளோடும், மரத்தில் செதுக்கிய ஒரு கறுத்த முகத்தோடும் வந்து இறங்கினாள்.

"இத்தனை வருஷமா அங்க என்ன செஞ்சாளாம்?" என்று கிணற்றடியில் ஒருத்தி கேட்டாள். "அந்த மூஞ்சிட்டக் கேளு, அது சொல்லும்" என்றாள் இன்னொருத்தி.

அவளது உழைப்பு எங்கே போனது என்பது ஊருக்கே தெரியும். அவள் அனுப்பிய காசில் எழுந்த வீட்டில், கற்பிட்டியில், அவள் கணவன் ஸலாஹுதீன் வேறொருத்தியோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தான். ஆனாலும் அவனைக் கேள்வி கேட்பதைவிட அவளைச் சந்தேகிப்பது ஊருக்கு வசதியாக இருந்தது. முஸ்லிம்கள் விரட்டப்பட்ட தொண்ணூறாம் ஆண்டில் மன்னாரிலிருந்து உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அகதியாய் வந்த சிறுமி, போர் முடிந்து பல வருடங்கள் ஆன பின், மறுபடியும் ஒரு பெட்டியோடு, இறந்துபோன உம்மாவின் பழைய வீட்டுக்கே வந்து சேர்ந்தாள். பிள்ளை இல்லை. மாலையானால் அந்த வீட்டில் அவள் நடக்கும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அந்த அமைதியை உடைத்தவள் பக்கத்து வீட்டு அஸ்கா. ஒன்பது வயது. கரிய நிறம், நெளிநெளியான முடி. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் நாலைந்து பிள்ளைகள் "காப்பிலி, காப்பிலி" என்று, ஆப்பிரிக்கரைக் குறிக்கும் வசையைக் கத்திக்கொண்டே அவளைத் துரத்தி வந்தார்கள். அஸ்கா அழவில்லை. தலைத்துணியை இழுத்து இழுத்து முடியை மறைத்துக்கொண்டு நடந்தாள். அந்தக் கையின் அவசரத்தைப் பார்த்த ஹஃபீலா கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

வேலிக்கு வெளியே வந்து பிள்ளைகளை மறித்தாள். "நீங்க சொல்ற ஆக்கள்ட நாட்டை உங்கள்ல யாராவது கண்டிரிக்கிறீங்களா?" என்று கேட்டாள். "சனிக்கிழமை வாங்க. நான் காட்டுறேன்."

அப்படித்தான் அந்த வகுப்பு தொடங்கியது. ஊர் நலன்புரிச் சங்கத்தின் தலைவர் செய்னுலாப்தீன் ஹாஜியார், முந்தல் பக்கம் இறால் பண்ணை வைத்திருப்பவர், பாலர் பாடசாலை அறையைச் சனிக்கிழமைகளில் பாவிக்க விட்டார். சாவியைக் கொடுக்கும்போதே ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "மார்க்கத்துக்கு மாறா ஒண்டும் இல்லத்தானே, தங்கச்சி?" என்று கேட்டுத்தான் கொடுத்தார்.

ஹஃபீலா சுவரில் பெரிய வரைபடம் ஒட்டினாள். இந்தக் கரையில் புத்தளம், நடுவே நீலக் கடல், அந்தக் கரையில் மொம்பாசா. அங்கேயும் தென்னை உண்டு, தேங்காய்ப்பாலில் சோறு ஆக்குவார்கள், பள்ளிவாசலில் பாங்கு கேட்கும் என்று அவள் சொன்னபோது பிள்ளைகள் நம்பவில்லை. "சும்மா சொல்றீங்க, டீச்சர்" என்றான் ஒரு பையன். காங்காத் துணியை இடுப்பில் கட்டியும் தோளில் போட்டும் காட்டினாள். மரக்கதவுகளில் பூவும் கொடியும் செதுக்கும் விதத்தைத் தாளில் வரையவைத்தாள். அஸ்காவின் கைதான் எல்லோரையும் முந்தியது. வகுப்புக்குள் வந்தால் அவள் தலைத்துணி தானாகவே தளர்ந்து தோளில் விழுந்துவிடும்.

பிறகு முகமூடி செய்யத் தொடங்கினார்கள். மக்கொண்டே என்னும் மக்கள் ஆட்டத்துக்குப் போடும் முகமூடி. பழைய பத்திரிகைத் தாளைக் கோதுமை மாப் பசையில் ஊறவைத்து, ஒரு பெரிய முகத்தை எல்லோருமாகச் சேர்ந்து செய்தார்கள். படகுக்குப் பூசும் பெயின்ட் பூசினார்கள். தடித்த உதடு, பாதி மூடிய கண், கன்னத்தில் கோடுகள். பெற்றோரை அழைத்து ஒரு சனிக்கிழமை காட்டுவதென்றும், அஸ்கா அதைப் போட்டுக்கொண்டு ஆடுவதென்றும் முடிவாயிற்று.

"அவங்க இதுல உண்மையான தலைமுடியும் ஒட்டுவாங்க" என்றாள் ஹஃபீலா. "அடுத்த சனிக்கிழமை வரக்கொள்ள சீப்புல உதிருற முடியைச் சேர்த்துக் கொண்டுவாங்க."

அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் கெட்டது.

இந்தக் கரையில் வளர்ந்த எந்தப் பெண்ணும் உதிர்ந்த முடியைக் கண்ட இடத்தில் போடமாட்டாள். சுருட்டி அடுப்பில் போடுவாள், அல்லது புதைப்பாள். பிறர் கைக்குப் போன முடி சூனியத்துக்குப் போன முடி. ஹஃபீலாவின் உம்மாவும் அப்படித்தான் செய்தவள். பிள்ளைகளின் சிரிப்பில் மயங்கிப்போன மகளுக்கு மட்டும் அது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

பிள்ளைகள் வீட்டில் சொல்லாமல் கொண்டுவந்தார்கள். அஸ்காவின் நெளிமுடிதான் நெற்றிக்கு மேலே அழகாகப் பொருந்தியது. முகமூடிக்கு உயிர் வந்தது போலிருந்தது. அதுவே வினையானது.

பிள்ளைகளின் வாய்வழி செய்தி வீடுகளுக்கு எட்டியதும், திங்கட்கிழமை அஸ்காவின் உம்மா மைமூனா வேலியைத் திறந்துகொண்டு வந்து முற்றத்தில் நின்றாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"ராத்தா, என்ட மகள்ட முடிய எடுத்துத் தாங்க."

"முடியா? அது ஒட்டியாச்சே, மைமூனா. எல்லாப் பிள்ளைகள்ட முடியும் கலந்து கிடக்கு."

"எல்லார்ட முடியையும் ஏன் சேர்த்தீங்க?"

"முகத்துக்குத்தான். அது ஒரு கலை, அந்த ஊர்ல—"

"அந்த ஊர்க் கதை எனக்கு வேணாம். புருஷன் போன பொம்புளை, பிள்ளை இல்லாத பொம்புளை, ஊர்ப் பிள்ளைகள்ட முடியச் சேர்க்கிறா எண்டா நாங்க என்னத்த நினைக்கிற? நீங்களே சொல்லுங்க."

ஹஃபீலாவின் வாழ்க்கையின் இரண்டு காயங்களையும் ஒரே மூச்சில் தொட்டுவிட்டுப் போனாள் மைமூனா.

மறுநாளே செய்னுலாப்தீன் ஹாஜியார் வந்தார். சாவியைத் திருப்பி வாங்கினார். முகமூடியைச் சாக்குப்பையில் போட்டுக் கட்டினார். "இதை எரிக்கோணும்" என்றார். மாலையில் பள்ளிவாசல் வாசலில் வைத்து, "எரிச்சாச்சு, சாம்பலைக் கடலில போட்டாச்சு. வகுப்பும் முடிஞ்சுது" என்று அறிவித்தார்.

ஊர் மூச்சுவிட்டது. ஹஃபீலா மட்டும் பூட்டிய அறையின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். உள்ளே வரைபடத்தின் ஒரு மூலை கழன்று தொங்கியது. புருஷன் போனபோதுகூட அவள் அப்படி அழுததில்லை.

அந்த வாரமே அஸ்காவுக்குக் காய்ச்சல் வந்தது. முந்தல் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தார்கள், சாதாரணக் காய்ச்சல்தான் என்றார்கள். மைமூனா நம்பவில்லை. எரிக்கும்போது யார் ஓதினார்கள், என்ன ஓதினார்கள் என்று கேட்டுத் திரிந்தாள். ஹஃபீலா கஞ்சியோடு போனபோது கதவு பாதிதான் திறந்தது. "வச்சிட்டுப் போங்க" என்றது உள்ளிருந்து ஒரு குரல். மறுநாள் அந்தக் கஞ்சி கோழிக்கூட்டுப் பக்கம் கொட்டிக் கிடந்தது.

இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த வேலியில் யாரோ வேப்பங்கொத்துச் செருகியிருந்தார்கள்.

காய்ச்சல் விட்ட காலையில் மைமூனா மறுபடியும் வந்தாள். இம்முறை படியேறி உள்ளேயே வந்துவிட்டாள். முகம் வெளிறியிருந்தது.

"ராத்தா, என்ட வீட்டுக்காரர் ஹாஜியார்ட பண்ணைலதானே காவல் நிக்கிறார். இப்பதான் வந்து சொல்றார். வரம்புல ஒரு கம்பு நட்டிரிக்காம். கம்புல ஒரு மூஞ்சி இரிக்காம்."

"என்ன மூஞ்சி?"

"முடி வச்ச மூஞ்சி." மைமூனா அவளை உற்றுப் பார்த்தாள். "நீங்களும் ஹாஜியாரும் சேந்தா செய்யிறீங்க?"

ஹஃபீலா எழுந்து தலைத்துணியை எடுத்துப் போட்டாள். "வா. நீயே பாரு" என்றாள்.

முந்தல் வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கி உப்புமண் பாதையில் நடக்கும்போது இருவரும் பேசவில்லை. மைமூனா நாலடி பின்னாலேயே வந்தாள். வழியில் இரண்டு பண்ணைகள் வற்றிக் கிடந்தன. வெள்ளைப்புள்ளி நோய் வந்து இறால் செத்த நாற்றம் இன்னும் போகவில்லை. செய்னுலாப்தீனின் குளத்தில் மட்டும் காற்றூட்டும் சக்கரங்கள் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தன. வரம்பின் நடுவே, கம்பின் மேல், பாதி மூடிய கண்ணோடு அந்த முகம் நின்றது. நெற்றியில் நெளிமுடி காற்றில் ஆடியது.

காவல் குடிலுக்கு முன்னால் ஹாஜியார் தேநீர்க் கோப்பையோடு இருந்தார். பக்கத்தில் மைமூனாவின் கணவன் ஹிஷாம். இரண்டு பெண்களையும் கண்டதும் ஹாஜியாரின் கோப்பை மெல்லக் கதிரைக்குக் கீழே போயிற்று.

"ஹாஜியார்" என்றாள் மைமூனா, "நீங்க எரிச்ச மூஞ்சி இங்க எழும்பி நிக்கிதே."

"அது வேற ஒண்டு, புள்ள."

"மூஞ்சி வேறயா இரிக்கலாம். அந்த முடி? தலை வாரி விட்டவ நான். எனக்குத் தெரியாதா?"

ஹாஜியார் குளத்தைப் பார்த்தார். "ரெண்டு பக்கமும் நோய் வந்துட்டுது. என்ட குளத்துல மட்டும் இன்னும் இல்ல. பாக்கிறவன் கண்ணெல்லாம் இங்கதான். ஒரு கண்ணூறு படாம இரிக்கட்டுமெண்டு..."

"சூனியம் எண்டு சொல்லித்தானே, நானா, கதவைப் பூட்டினீங்க?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டாள் ஹஃபீலா.

"ஓம். சூனியம் இரிக்கிறதாலதானே வச்சேன்" என்றார் அவர். சொல்லி முடித்தபிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே விளங்கியது. ஹிஷாம் இருமுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மைமூனா கொதித்தாள். "வாங்க ராத்தா, பள்ளிவாசல் வாசல்ல வச்சே கேப்போம். அறிவிச்ச இடத்துலயே கேப்போம்."

இத்தனை வருடங்களில் யாரையும் தலைகுனிய வைக்கும் சந்தர்ப்பம் ஹஃபீலாவுக்குக் கிடைத்ததில்லை. இன்று கைக்குள் இருந்தது. அவள் ஹாஜியாரின் நரைத்த தாடியையும், நோய்க்குப் பயந்து தூங்காத அவர் கண்களையும் பார்த்தாள்.

"எனக்கு உங்களக் கேவலப்படுத்தி ஆகப்போறது ஒண்டுமில்ல" என்றாள். "எனக்குச் சாவி வேணும், நானா. சனிக்கிழமை வேணும்."

ஹாஜியார் இடுப்பு வாரிலிருந்து சாவியைக் கழற்றினார். கொடுத்தபின்னும் தயங்கி நின்றார். "இறால் அள்ளும்வரைக்கும் அந்த மூஞ்சி அங்கேயே..."

"அது என்ட சாமான் இல்ல. பிள்ளைகள்ட. அவங்களிட்டக் கேளுங்க."

ஹஃபீலா வரம்பில் ஏறி முகத்தை இறக்கினாள். பசை விட்ட இடமெல்லாம் பார்த்து முடியைப் பிடுங்கினாள், கடைசி இழைவரை. எல்லாவற்றையும் உருண்டையாக்கி மைமூனாவின் உள்ளங்கையில் வைத்தாள். மைமூனா அதைக் குனிந்து பார்த்தாள். பிறகு ஹஃபீலாவின் விரல் நகங்களுக்குள் ஏதும் இழை ஒட்டியிருக்கிறதா என்றும் பார்த்தாள். குடிலின் அடுப்பில் தானே போட்டு, பொசுங்கி முடியும்வரை அங்கேயே நின்றாள்.

சனிக்கிழமை கதவு திறந்தது. ஹாஜியார் உண்மையிலேயே வந்தார். பிள்ளைகளின் முன்னால் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, அந்த முகத்தைக் கொஞ்சநாள் இரவல் தருவீர்களா என்று கேட்டார். எல்லோரும் அஸ்காவைப் பார்த்தார்கள். "கொண்டுபோங்க. ஆனா கொண்டுவந்து தரோணும்" என்றாள் அஸ்கா. மொட்டைத் தலையோடு முகம் பண்ணைக்குப் போயிற்று. அதன் உச்சந்தலையில் ஒரு நீர்க்காகம் தினமும் வந்து இருந்து மீன் தின்கிறதாம் என்று ஹிஷாம் பிறகு சொன்னான்.

அஸ்கா தலைத்துணியை ஊசியால் இறுக்கிக் குத்திக்கொண்டு வந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் மைமூனாவும் வந்து, கதவடியில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். மடியில் ஒரு பை. கண்கள் ஹஃபீலாவின் கையை விட்டு அசையவில்லை.

புதுமுகத்துக்குப் பசை கலக்கும் நேரம் மைமூனா பையைத் திறந்தாள். உள்ளே, தேங்காய் மட்டையை அடித்துக் காயவைத்த தும்பு நார்.

"இந்தாங்க. இதுக்கு யாரும் சூனியம் செய்யேலாது."

ஹஃபீலா அதை வாங்கிக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. "அங்க என்னோட ரூம்ல ஸுஹுரா எண்டு ஒருத்தி இருந்தா" என்றாள். "மொம்பாசாக்காரி. தலை வாரினா ஒரு இழையைக்கூடக் கீழ விடமாட்டா. சுருட்டிப் பைக்குள்ள வச்சு, வீட்டுக்குப் போய்த்தான் எரிப்பா. என்னையும் நம்பமாட்டா."

மைமூனா ஹஃபீலாவின் கையிலிருந்து கண்ணை எடுத்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

"அங்கயும் அப்படியா?"

"அங்கயும் அப்படித்தான்."

"நல்ல பொம்புளை போல" என்றாள் மைமூனா. கதிரையைச் சுவரிலிருந்த வரைபடத்தின் பக்கம் இழுத்தாள். "அவட ஊரு இதுல எங்க இரிக்கு? காட்டுங்க பாப்பம்."

அஸ்கா பாயிலிருந்து எழுந்து, உம்மாவின் விரலைப் பிடித்து, நீலக் கடலைத் தாண்டிக் கொண்டுபோய் அந்தக் கரையில் வைத்தாள்.