பேஜோவின் தலையில் கட்டுமரம்

என் பேஜோ காரைப் பற்றி யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். என்னைச் சொன்னால்கூடக் கேட்டுக்கொண்டு நிற்பேன், பேஜோவைச் சொன்னால் நிற்க மாட்டேன். அறுபத்தெட்டில் ஒரு சொல்தாவிடமிருந்து, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் பென்ஷன் வாங்குகிற ஒருவரிடமிருந்து, வாங்கிய வண்டி அது. ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும். பெரிய மார்க்கெட் ஓரத்து டாக்சி ஸ்டாண்டில் 'கலியபெருமாள் வண்டி' என்றால் குழந்தைக்கும் தெரியும். அதில் கல்யாணப் பெண்களை ஏற்றியிருக்கிறேன், பிரசவத்துக்குத் துடித்தவர்களை ஏற்றியிருக்கிறேன். கட்டுமரம் ஏற்ற வேண்டும் என்று கேட்டு வந்தது அஞ்சலாட்சி ஒருத்திதான்.

அஞ்சலாட்சிக்குக் கனகசெட்டிக்குளம். விடிந்தும் விடியாததுமாக மீன் கூடையோடு பஸ்ஸில் வந்து இறங்குவாள். பத்தடி தள்ளி நின்றாலும் அவள் குரல் காதைக் கிழிக்கும். ஆனால் கூடையில் முந்தின நாள் மீன் இருந்தால் அதைத் தனியாக எடுத்து வைத்து, குழம்புக்கு ஆகும், வறுவலுக்கு ஆகாது என்று கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவாள். பக்கத்தில் உட்கார்ந்து மீன் விற்கிறவர்கள் அவளுக்குப் பிழைக்கத் தெரியாதவள் என்று பேர் வைத்திருந்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் பிழைக்கத் தெரிந்தவன் என்ற நினைப்பு எனக்கு.

எழுபத்தொன்பது கார்த்திகை மாதம். வாடைக் காற்று நின்று வீசிக்கொண்டிருந்தது. அஞ்சலாட்சியின் புருஷன் காத்தவராயன் கட்டுமரத்தை ஒரு பெரிய அலை புரட்டிப் போட்டது. வேறு மரத்துக்காரர்கள் அவரை மீட்டுக் கரை சேர்த்தார்கள். கால் எலும்பு முறிந்து பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தார். மரம் போனது போனதுதான் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். மூன்று நாள் கழித்து மார்க்கெட்டில் ஒரு மீன்காரி சேதி சொன்னாள். ஊருக்குத் தெற்கே ஒரு குப்பத்தில், முந்தின நாள் காலையில் ஒரு மரம் ஒதுங்கியிருக்கிறதாம்.

அந்தக் குப்பத்தில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஒதுங்கிய மரத்தைக் கண்டெடுத்தவன் அதைக் காப்பாற்றி வைத்திருக்க வேண்டும். உடையவன் மறுநாள் பொழுது சாய்வதற்குள் வந்து கரையை விட்டு எடுத்துப் போய்விட வேண்டும். தவறினால் எடுத்தவனுக்கே சொந்தம். சேதி கிடைத்தபோது அந்த மறுநாள் மத்தியானம் ஆகியிருந்தது. வாடையை எதிர்த்துக் கடல் வழியாக வடக்கே வர முடியாது. மாட்டு வண்டிக்காரர்கள் விடியற்காலையில் வருகிறோம் என்றார்கள். விடிந்தால் மரம் இல்லை. சொந்த மரம் இருந்தால் கொழுந்தனை வைத்தாவது பிழைப்பை ஓட்டலாம். அது போய்விட்டால், கால் கூடி வந்த பிறகும் காத்தவராயன் அடுத்தவன் மரத்தில் கூலியாகத்தான் ஏற வேண்டும். இதையெல்லாம் அவள் என் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

நான் முடியாது என்றேன். என் வண்டி என்ன லாரியா என்று கேட்டேன். அவள் அழவில்லை, கெஞ்சவில்லை. கூரையில் இருந்த இரும்புக் கேரியரைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். திருப்பதி சவாரிக்காக நான் சொல்லிச் செய்த கேரியர்.

"இது தாங்கும்ணே. உனுக்குத்தான் உன் வண்டி மேல நம்பிக்க இல்ல" என்றாள்.

அந்த வார்த்தைக்குத்தான் நான் விழுந்தேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் தணிந்திருந்தது. மரத்தைக் கண்டெடுத்தவர் தணிகாசலம், ஒல்லியான மனுஷன். பத்து நாள் காய்ச்சலில் படுத்து எழுந்தவர், மறுநாள்தான் மறுபடி கடலுக்குப் போவதாக இருந்தார். கட்டுமரத்தைக் கரையேற்றியதும் கயிற்றை அவிழ்த்துத் தனித்தனி மரமாக உலரப் போடுவது வழக்கம். காத்தவராயனின் மூன்று மரங்களையும் அப்படித்தான் பிரித்து, தன் மரங்களுக்குப் பக்கத்தில் மணலில் வரிசையாகப் போட்டிருந்தார். நடு மரத்தின் வால் பக்கத்தில், ஒவ்வொரு மரத்திலும் போட்டிருக்கும் தங்கள் அடையாளமான மூன்று வெட்டைக் காட்டினாள் அஞ்சலாட்சி. குப்பத்துத் தலைவரான நாட்டார் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

இரண்டு நாள் கடலில் ஊறிய மரம். கல் மாதிரி கனத்தது. நான்கு பேர் கூரை உயரத்துக்குத் தூக்கப் பார்த்து மூச்சு வாங்கினார்கள். அஞ்சலாட்சி ஒரு சாக்கை நனைத்து டிக்கி மேல் விரித்தாள். மொத்தமாகத் தூக்காதீர்கள், தலையை மட்டும் கேரியரில் சாத்துங்கள், பிறகு வாலைப் பிடித்துத் தள்ளுங்கள் என்றாள். நடு மரம் சாக்கின் மேல் வழுக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தது. இத்தனை வருஷம் பீரோவும் கட்டிலும் ஏற்றிய எனக்கு அது தோன்றியதில்லை. பக்க மரங்கள் இரண்டும் ஒரே அடிமரத்தில் செதுக்கியவை, ஒரே எடை, பக்கத்துக்கு ஒன்றாகப் போட்டால் வண்டி சாயாது என்றாள். இடது மரத்தை ஏற்றி, கேரியர் மேல் நின்று அவள் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும்போதே ஆட்கள் மூன்றாவதைத் தூக்கி வந்து வலது பக்கம் தள்ளினார்கள். சூரியன் தென்னை உயரத்தில் இருந்தது. பம்பரோடு சேர்த்து முன்னும் பின்னும் இழுத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினோம்.

அரியாங்குப்பம் பாலம் தாண்டும்போதே வண்டி இடது பக்கம் இழுக்க ஆரம்பித்தது. ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டே வந்தேன். போதாததற்குக் கூரையிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டி என் கை, சட்டை எல்லாம் ஊறியது. ஊருக்குள் நுழைந்து முத்தியால்பேட்டை மணிக்கூண்டுக்கு வந்ததும் வண்டியை ஓரம் கட்டிக் கத்தினேன். கட்டத் தெரியாமல் கட்டி என் வண்டியைக் கெடுத்துவிட்டாய் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், எழுதுவதற்கில்லை.

அவள் பதிலுக்குக் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் நனைந்த சட்டையையே பார்த்தாள். பிறகு வலது பக்கம் தன் ஜன்னலைக் கையால் தடவினாள். அங்கே ஒரு சொட்டு ஈரம் இல்லை.

சட்டென்று இறங்கி வலது மரத்தின் வால் பக்கம் போனாள். நானும் போனேன். மூன்று வெட்டு இருக்க வேண்டிய இடத்தில் பெருக்கல் குறி மாதிரி ஒரு வெட்டு இருந்தது. பத்து நாளாகத் தண்ணீர் பார்க்காமல் காய்ந்து எடை குறைந்து கிடந்த தணிகாசலத்தின் மரம். அவசரத்தில் பக்கத்தில் கிடந்ததைத் தூக்கி ஏற்றிவிட்டார்கள். அவள் மரம் அங்கே மணலில் கிடக்கிறது.

சூரியன் வீட்டுக் கூரைகளுக்குக் கீழே இறங்கியிருந்தது. திரும்பிப் போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிடும். இருட்டினால் அங்கே கிடக்கும் மரம் தணிகாசலத்துடையது. இதையும் கொடுத்துவிட்டால் இவளுக்கு மிச்சம் இரண்டு மரம். இரண்டு மரத்தை வைத்துக்கொண்டு கடலுக்குப் போக முடியாது, அடுப்புதான் எரிக்கலாம்.

பிழைக்கத் தெரிந்தவன் பேசினேன். ஏற்றியது அவர்கள் ஆட்கள், தப்பு அவர்களுடையது என்றேன். மரத்துக்கு மரம் சரியாகப் போயிற்று, இது உன்னுடையதைவிட நல்ல மரம், பேசாமல் வண்டியில் ஏறு என்றேன்.

அவள் அந்தக் காய்ந்த மரத்தைக் கையால் தடவிப் பார்த்தாள். நல்ல மரம்தான், அவளுக்கும் தெரியும்.

"அந்த ஆளு பத்து நாளு படுத்து எழுந்திருக்காரு. காலைல கடலுக்குப் போவணும். அளவு சேராத மரத்த வெச்சு எப்டிண்ணே கட்டுவாரு? வண்டியத் திருப்பு."

திருப்பினேன். வண்டி இடது பக்கம் இழுத்துக்கொண்டேதான் இருந்தது, நான் வாயைத் திறக்கவில்லை.

போய்ச் சேர்ந்தபோது நன்றாக இருட்டியிருந்தது. கரையில் கும்பல் கூடியிருந்தது. மரம் மாறியதை அதற்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். வடக்கத்திக்காரி திருடிக்கொண்டு போய்விட்டாள் என்ற பேச்சு எங்கள் காதிலேயே விழுந்தது. ஹெட்லைட்டை அணைக்காமல் நிறுத்தினேன். அவள் பம்பர் மேல் கால் வைத்து ஏறி, போட்ட முடிச்சுகளைத் தானே அவிழ்த்தாள். தணிகாசலத்தின் மரம் இறங்கி அதன் இடத்தில் கிடந்த பிறகுதான் பேசினாள்.

"தப்பு எம்மேல. ஏத்தும்போது வெட்டப் பாத்திருக்கணும். பாக்காம வுட்டுட்டேன்."

நாட்டார் தொண்டையைக் கனைத்தார். நல்ல மனுஷன்தான். பொழுது போய்விட்டது, கட்டுப்பாட்டை அவர் ஒருத்தர் மாற்ற முடியாது, கரையில் கிடக்கிற மரம் இனித் தணிகாசலத்துடையது என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அஞ்சலாட்சி கையைக் காட்டி என்னை அடக்கினாள்.

"தெரியும் நாட்டாரே. தெரிஞ்சிதான் வந்தேன்" என்றாள்.

கேரியரில் மீதி இருந்த இரண்டு மரத்தையும் மறுபடி இழுத்துக் கட்ட ஆரம்பித்தாள். ஒரு பக்கம் வெறுமையாக இருந்ததால் கயிறு நிற்கவில்லை. அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாள். கும்பலில் யாரும் நகரவில்லை. எனக்கு அவர்கள் மேல் கோபம், அதைவிட முத்தியால்பேட்டையில் பேசிய என் வாய் மேல் கோபம்.

அப்போது தணிகாசலம் துண்டை உதறித் தலையில் சும்மாடு கட்டிக்கொண்டார். நேராக மூன்று வெட்டுப் போட்ட அந்த ஊறிய மரத்திடம் போய்க் குனிந்து, தலைப் பக்கத்தைத் தூக்கப் பார்த்தார். காய்ச்சல் உடம்பு, கால் நடுங்கியது. விடவில்லை.

"எம்மரந்தானே? எனக்கு வேணாம். அந்த முனைய யாராவது புடிங்கடா. அந்தப் பொண்ணு இருட்டுல ரொம்ப தூரம் போவணும்" என்றார்.

நாலு பேர் ஓடினார்கள். நாட்டாரே ஒரு கை கொடுத்தார்.

மத்தியானத்திலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், புருஷன் கால் முறிந்ததைக்கூட மீன் விலை சொல்கிற மாதிரி சொன்னவள், வண்டிக்கு முன்னால் மணலில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. ஹெட்லைட் வெளிச்சம் முழுக்க அவள் மேல் விழுந்துகொண்டிருந்தது.

நான் உள்ளே கையை விட்டு விளக்கை அணைத்தேன். மரத்தைத் தூக்கி வந்தவர்கள் தோளில் பாரத்தோடு இருட்டிலேயே நின்றார்கள், அவள் எழுந்து வருகிற வரைக்கும்.